அகல டயர் போட்ட பிறகு வரும் தொல்லைகள்: ஏற்காட்டுப் பாதைகளுக்கான மலை சைக்கிள் பிழை நீக்கும் வழிமுறை

சேலத்தில் மலை சைக்கிள் வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஒரே ஆசைதான்: இன்னும் அகலமான டயர் வேண்டும். காபித் தோட்டத்துச் சேற்றில் ஒருமுறை வழுக்கினாலோ, ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வருவதற்குள் இரண்டு பஞ்சர் ஆனாலோ, மறுநாளே டயர் வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். புதிய டயர் ஏறிய பிறகு சைக்கிள் வேறு விதமாகத் தொல்லை கொடுக்கத் தொடங்குகிறது. அப்படி என் கைக்கு வந்த சைக்கிள்களில் திரும்பத் திரும்பப் பார்த்த பிழைகளை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சைக்கிளில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும். தயவுசெய்து அந்த வரிசையைத் தாண்டாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: காற்றழுத்தமானி, 6 மி.மீ. ஆலன் கீ, அளவு நாடா, கொஞ்சம் பஞ்சு.

டயர் ரிம்மில் ஏற மறுக்கிறது, அல்லது ஏறியும் தளர்ந்து கிடக்கிறது

பலம் போட்டு நெம்புவதை நிறுத்துங்கள். முதலில் டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்ணைப் படியுங்கள். 26, 27.5, 29 என்ற அங்குலக் கணக்கை நம்ப வேண்டாம். அதன் அருகிலேயே 54-559, 57-622 என்பது போல இரண்டு எண்கள் கோடிட்டு இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டர் கணக்கு. பொருந்துமா, பொருந்தாதா என்பதை அந்த இரண்டாவது எண் மட்டுமே தீர்மானிக்கிறது.

- 26 அங்குல மலை சைக்கிள்: 559
- 27.5 அங்குலம்: 584
- 29 அங்குலம்: 622. 700சி என்று எழுதியிருக்கும் ஹைப்ரிட் சைக்கிளுக்கும் இதே எண்தான்.

நம் ஊரில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், பழைய சாதா சைக்கிள் டயர்களும் அதே கடையில், அதே கொக்கியில் தொங்குகின்றன. 26 × 1 3/8 என்று பின்னத்தில் எழுதிய டயரின் விட்டம் 590. 26 × 1.95 என்று தசமத்தில் எழுதியதன் விட்டம் 559. இரண்டையும் '26 இன்ச்' என்றே கேட்டு வாங்குகிறோம், ஆனால் ஒன்று மற்றொன்றில் உட்காரவே உட்காராது. தாத்தா காலத்து 28 × 1 1/2 டயரின் விட்டம் 635. அதாவது எண்ணில் சிறியதாகத் தெரியும் 28, உண்மையில் 29 அங்குலத்தின் 622-ஐ விடப் பெரிய வட்டம். ஆகவே கடையில் அங்குலத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். பழைய டயரின் பக்கவாட்டை அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

எண் சரியாக இருந்தும் ஏறவில்லையா? டயரின் விளிம்புக் கம்பியை ரிம்மின் நடுப்பள்ளத்தில் சுற்றிலும் தள்ளிவிட்டு, வால்வு இருக்கும் இடத்தைக் கடைசியாக ஏற்றுங்கள். விளிம்பில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் கையாலேயே ஏறிவிடும். இரும்பு ஸ்பூன், ஸ்க்ரூ டிரைவர் இவற்றால் நெம்பினால் ட்யூப் கிழியும், அலுமினிய ரிம்மின் உதடும் நசுங்கும்.

கடைக்குப் போக வேண்டிய நிலை: டயரின் விளிம்புக் கம்பி வளைந்து நெளிந்திருந்தால், அல்லது துணி வழியே கம்பி வெளியே தெரிந்தால், அந்த டயரை மாட்டாதீர்கள்.

டயர் எங்கோ உரசுகிறது

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றுங்கள். உரசல் எப்படி வருகிறது என்பதைக் காதால் கேட்டே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

*தொடர்ச்சியாக, ஒரே பக்கம் உரசினால்:* சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரம் தன் இடத்தில் முழுதாக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். கழற்றி மாட்டிய சைக்கிள்களில் இதுதான் மிக அடிக்கடி பார்ப்பது.

*ஒரு சுற்றுக்கு ஒருமுறை உரசினால்:* டயர் சீராக உட்காரவில்லை, அல்லது ரிம்மில் கோட்டம் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அது ஓரிடத்தில் மட்டும் ரிம்முக்குள் மறைந்தால் டயரின் குற்றம். காற்றை இறக்கி, பிசைந்து, மீண்டும் அடித்தால் சரியாகிவிடும். கோடு சீராக இருந்தும் சக்கரம் ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். அதைப் பழகிய கையிடம் விடுங்கள். ஒரு ஸ்போக்கை மட்டும் முறுக்கினால் ஆட்டம் இன்னொரு பக்கம் போய்விடும்.

*ஏற்றத்தில் நின்று மிதிக்கும்போது மட்டும் உரசினால்:* சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) பேரிங்கைப் பிடித்திருக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. ஆட்டம் இல்லை என்றால், டயர் அந்த பிரேமுக்கு அகலம் அதிகம்.

*முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் செயின் டயரைத் தொட்டால்:* இதற்கும் அதே பதில்தான், அகலம் அதிகம். ஒரு சுற்று அளவு குறைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை.

அகலம் சரியா என்று பார்க்க 6 மி.மீ. ஆலன் கீ போதும். டயருக்கும் பிரேமுக்கும் நடுவே, போர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) இரு கால்களிலும், மேல் வளைவிலும், பின்புறச் சட்டத்தின் இருபுறமும், அது தட்டாமல் நுழைய வேண்டும். காற்றடித்த உடனே அளக்காதீர்கள். புதிய டயர் ஒரு நாள் காற்றுடன் இருந்தால் மில்லிமீட்டர் கணக்கில் கொஞ்சம் விரிகிறது. முன்பக்கம் ஸ்பிரிங் போர்க்காக இருந்தால், அதை முழுவதும் அமுக்கியும் பாருங்கள். அமுங்கிய நிலையில் டயர் மேல் வளைவில் தட்டினால், இறக்கத்தில் ஒரு பள்ளத்தில் விழும்போது முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும். அந்த டயருடன் மலையில் இறங்கவே கூடாது.

மட்கார்டு போட்டவர்கள் அதன் உட்புறத்தையும் பாருங்கள். பெரும்பாலான உரசல் புகார்களில் அந்தத் தகரம்தான் காரணம்.

அடிக்கடி பஞ்சர்

'டயர் ஒல்லியாக இருக்கிறது, அதனால்தான்' என்று முடிவு கட்டுவதற்கு முன், ட்யூபைக் கழற்றி ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டயரைக் கழற்றும்போதே, அது எந்தப் பக்கமாக இருந்தது என்று சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிடுங்கள். ஓட்டையின் இடம் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

*பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல்:* கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கியிருக்கிறது. காற்று குறைவு. நாகலூர்ப் பக்கம் போகும் கல் பாதைகளிலும், கன்னங்குறிச்சி வழியாக மலையடிக்குப் போகும் மண் பாதைகளிலும் இதுதான் வருகிறது. மானி வைத்து அளந்து, காற்றைக் கூட்டினால் தீர்ந்தது. கூட்டியும் தொடர்ந்தால்தான் அகல டயரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

*வெளிப்புறத்தில் ஒற்றைப் புள்ளி:* முள். சமவெளியில் சீமைக் கருவேலம், நெருஞ்சி. டயரின் உட்புறத்தில் பஞ்சை ஓட்டுங்கள், ஒடிந்த முள்முனை அதில் சிக்கிக்கொள்ளும். விரலால் தடவினால் முள் விரலில் ஏறும். முள்ளுக்கு அகலம் மருந்தாகாது. அகல டயர் இன்னும் அதிக இடத்தைத் தரையில் வைக்கிறது, அவ்வளவுதான். பஞ்சர் காப்புப் பட்டை, அல்லது ட்யூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் உதவும்.

*ரிம் பக்கமாக ஓட்டை:* ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் துளை தெரிகிறது. அகலமான புதிய ரிம்முக்குப் பழைய ஒல்லி டேப்பைப் போட்டவர்களுக்கு இது வரும். டேப், ரிம்மின் உள்தளம் முழுவதையும் மூட வேண்டும்.

*வால்வின் அடியில் கிழிசல்:* காற்று குறைவால் டயர் ரிம்மின் மேல் நழுவி ட்யூபை இழுக்கிறது. வால்வு சாய்ந்து நிற்பது முன்னெச்சரிக்கை.

*பக்கவாட்டில் டயரே கீறிக் கிடந்தால்:* வி பிரேக்கின் (ரிம்மை இருபுறமும் பிடிக்கும் பிரேக்) கட்டையைப் பாருங்கள். உயரமாக மாட்டியிருந்தால், ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் ரிம்மைத் தாண்டி டயரை அறுக்கும். டயர் மாற்றும் எவரும் கட்டையின் உயரத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ட்யூபின் அளவும் முக்கியம். 1.9–2.35 என்பது போல அதில் ஒரு வரம்பு அச்சாகியிருக்கும். ஒல்லி ட்யூபை அகல டயருக்குள் ஊதினால் பலூன் போல மெலிந்துபோய், சிறு முள்ளுக்கும் இடம் கொடுக்கும்.

இனி எவ்வளவு காற்று என்ற கேள்வி. சுமார் 70 கிலோ எடையுள்ளவர், ட்யூப் போட்ட டயர் என்றால் நான் இப்படித் தொடங்குகிறேன்:

- 1.95 அகலம்: முன் 35, பின் 40 பிஎஸ்ஐ
- 2.1 முதல் 2.25: முன் 29, பின் 33
- 2.35 முதல் 2.4: முன் 25, பின் 28

பத்துக் கிலோ கூடினால் இரண்டு பிஎஸ்ஐ கூட்டுங்கள். தார் சாலையிலேயே முழுவதும் ஓட்டுவதாக இருந்தால் ஐந்து கூட்டலாம். டயரில் அச்சாகியிருக்கும் உச்ச வரம்பையும் கீழ் வரம்பையும் மீற வேண்டாம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வது கணக்கே இல்லை. பெட்ரோல் பங்கில் அடித்தால், சிறிய டயரில் காற்று நொடியில் ஏறிவிடும். விட்டு விட்டு அடித்து உங்கள் மானியாலேயே அளந்துகொள்ளுங்கள். மேலே ஏறினால் காற்று கூடிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். உயரத்தால் மானியில் இரண்டு பிஎஸ்ஐ அளவு கூடும், மேலே உள்ள குளிர்ச்சியால் ஏறத்தாழ அதே அளவு குறையும். கீழே அடித்த காற்றை மேலே போய் மாற்ற வேண்டியதில்லை.

வளைவில் டயர் நெளிகிறது, பின்பக்கம் நழுவுவது போல் இருக்கிறது

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இதை உணராதவர்கள் குறைவு.

முதலில் காற்று. மூன்று பிஎஸ்ஐ கூட்டி, அதே வளைவில் மீண்டும் பாருங்கள். நெளிவு போய்விட்டால் விஷயம் முடிந்தது.

போகவில்லை என்றால் ரிம்மின் உள் அகலத்தைப் பாருங்கள். டயரைக் கழற்றி, ரிம்மின் இரண்டு உதடுகளுக்கும் நடுவே அளக்க வேண்டும். சில ரிம்களில் 559×19, 622×25 என்று எழுதியே இருக்கும், அதில் இரண்டாவது எண் அதுதான். ஒல்லியான ரிம்மில் அகல டயர் போட்டால், கழுத்து சிறுத்து தலை பெருத்து நிற்கும். நேராகப் போகும்போது தெரியாது. சாய்ந்தவுடன் டயர் ஒரு பக்கம் சரியும். என் அளவுகோல் இது:

19 மி.மீ. ரிம்முக்கு 2.1 வரை, மிஞ்சினால் 2.25. 25 மி.மீ. ரிம்முக்கு 2.25 முதல் 2.4 வரை. 30 மி.மீ. ரிம்முக்கு 2.4 முதல் 2.6 வரை. 2.8, 3.0 என்றால் 35 மி.மீ. அல்லது அதற்கு மேல்.

நம்மிடம் இருக்கும் பழைய 26 அங்குல சைக்கிள்களில் பெரும்பாலும் ஒல்லி ரிம்தான். அவற்றுக்கு 2.1 போதும். 2.4 டயர் பிரேமுக்குள் நுழைகிறது என்பதற்காக ரிம்மும் அதைத் தாங்கும் என்று நினைக்கக் கூடாது.

ரிம்மும் காற்றும் சரியாக இருந்து, தார் சாலையில் மட்டும் நெளிந்தால், காரணம் டயரின் குமிழ்கள், அதாவது மேல்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் மேடுகள். உயரமான, இடைவெளி அதிகமுள்ள குமிழ்கள் சேற்றுக்காக ஆனவை. தாரில் அவை மடங்கும். நடுவில் நெருக்கமான குமிழ்களும் ஓரத்தில் பெரிய குமிழ்களும் உள்ள டயர் நம் பாதைகளுக்குப் பொருத்தம், ஏனென்றால் மண்ணைத் தொடுவதற்கு முன் மலைப்பாதைத் தாரில் நீண்ட தூரம் ஏற வேண்டியிருக்கிறது.

தோட்டப் பாதைகளில் மழைக்குப் பின் சில்வர் ஓக் சருகு நனைந்து கிடக்கும் இடங்களில் எந்த டயரும் வழுக்கும். அங்கே டயரை மாற்றிப் பயனில்லை, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

ஏற்றத்தில் சைக்கிள் கனக்கிறது

அகல டயர் போட்டவுடன் கோரிமேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறது என்பார்கள். டயரைக் குறை சொல்வதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். பிரேக் கட்டையோ டிஸ்க் பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கலாம். டயர் மாற்றும்போது சக்கரத்தைக் கழற்றி மாட்டியதால் வருவது இது. அடுத்தது காற்று: கல் பாதைக்கு இறக்கிய காற்றுடனேயே தாரில் ஏறுகிறீர்களா? அதற்கு அடுத்தது குமிழ்கள்.

இவை மூன்றும் இல்லை என்றால் சக்கர அளவுக்கு வருவோம். 26 × 2.1 சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 665 மி.மீ., 29 × 2.25 சக்கரத்தின் விட்டம் சுமார் 735 மி.மீ. அதே பற்கள், அதே கியர், ஆனால் ஒரு சுற்றுக்குப் பத்து விழுக்காடு அதிக தூரம். சமதளத்தில் இது வரம், ஏற்றத்தில் பத்து விழுக்காடு கனமான கியர். 26-லிருந்து 29-க்கு மாறியவர்கள் 'என் கால் பலம் குறைந்துவிட்டதோ' என்று கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். கால் பலம் குறையவில்லை. முன் பல்சக்கரம் 32 பற்கள் என்றால் 28 அல்லது 30 பற்களுக்கு இறங்குங்கள். பின்பக்கத்தில் பெரிய பல்சக்கரம் போடுவதும் வழிதான், ஆனால் டெரெய்லர் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கருவி) அதைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். செயின் நீளமும் அதோடு மாறும்.

செலவு குறைந்த இன்னொரு வழி: முன்பக்கம் 2.35, பின்பக்கம் 2.1. பிடிமானம் அதிகம் தேவைப்படுவது முன்சக்கரத்துக்கு, சுமையை இழுப்பது பின்சக்கரம். அகல டயர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை முன்பக்கம் போடுங்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

சேற்றில் சக்கரம் அடைத்து நின்றுவிடுகிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் சேர்வராயன் மலையின் சிவந்த மண் டயரோடு ஒட்டிக்கொண்டே மேலேறும். டயருக்கும் பிரேமுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் அது அங்கேயே குழைந்து இறுகிவிடும். இந்தப் பருவத்தில் அகலம் கூடினால் தொல்லையும் கூடும். ஒரு அளவு ஒல்லியாக, குமிழ் இடைவெளி அதிகமாக உள்ள டயருக்கு மாறுங்கள். அடைத்த பிறகு பலமாக மிதிக்காதீர்கள், பிரேமின் பெயின்டைச் சேறு உரித்துவிடும், டெரெய்லர் கொக்கியும் வளையும். குச்சியால் சுரண்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

சக்கர அளவை மாற்றிய பிறகு கால் விரல் டயரில் இடிக்கிறது, அல்லது மிதி தரையில் தட்டுகிறது

விரல் இடித்தால் பிரேம் சிறியது, சக்கரம் பெரியது. சுமார் 160 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ளவர்கள் 29-ஐ வாங்கும் முன் ஹேண்டிலைத் திருப்பி, மிதியை முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு 27.5 பெரும்பாலும் பொருந்தும். 170-க்கு மேல் என்றால் தயங்காமல் 29 வாங்கலாம், கற்களின் மேல் அது உருண்டு போகும் விதமே வேறு.

மிதி தட்டினால், 29-க்கான பிரேமில் 27.5 சக்கரம் மாட்டியிருக்கிறீர்கள். மிதி அச்சு தாழ்ந்துவிட்டது. 2.8 அகல டயர் போட்டால் மொத்த விட்டம் ஏறத்தாழ 29 அளவுக்குத் திரும்பும், ஆனால் அந்த அகலத்துக்கு பிரேமில் இடம் வேண்டும். வி பிரேக் சைக்கிளில் சக்கர அளவை மாற்றும் எண்ணமே வேண்டாம், கட்டைகள் புதிய ரிம்மைத் தொடாது.

4 அங்குல ஃபேட் டயரை சாதாரண மலை சைக்கிளில் ஏற்ற முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியாது. பிரேம், போர்க், ஹப், ரிம் நான்குமே வேறு.

வேகமானி தவறாகக் காட்டினால்: வால்வு நேர் கீழே வரும் இடத்தில் தரையில் குறியிட்டு, மேலே உட்கார்ந்து வால்வு மீண்டும் கீழே வரும்வரை ஒரு சுற்று உருட்டி, அங்கும் குறியிட்டு, இரண்டு குறிகளுக்கும் நடுவே அளந்து, அந்த மில்லிமீட்டர் எண்ணை உள்ளிடுங்கள்.

இறக்கத்தில் ஒட்டு கழன்றது, அல்லது டயர் வெடித்தது

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிள்களுக்கு மட்டும் வருவது. இருபது வளைவுகளிலும் பிரேக்கை விடாமல் பிடித்தே இறங்கினால் ரிம் சூடேறி, உள்ளே காற்று விரிந்து, ட்யூபின் ஒட்டும் இளகும். நேர்ப் பகுதியில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். நடுவில் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். உச்ச வரம்பு வரை காற்றடித்து மலையிறங்காதீர்கள். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் ரிம்மைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆனால் நின்றவுடன் டிஸ்கைத் தொட வேண்டாம்.

எதுவும் செய்யாமல் கடைக்குக் கொண்டுபோக வேண்டியவை

ஸ்போக் துளையைச் சுற்றி ரிம்மில் விரிசல். பிரேக் பிடித்துப் பிடித்து ரிம்மின் பக்கம் குழிந்திருப்பது. ஒரே சக்கரத்தில் ஸ்போக் அடுத்தடுத்து அறுவது. டயர் உரசி பிரேமில் உலோகம் தெரிவது. டயரின் பக்கத்தில் கொப்புளம் போல் புடைப்பது. மேலே இருக்கும்போது இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் சவாரியை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சேலம் இறங்கும் வேன் ஒன்றில் சைக்கிளை ஏற்றிக் கொண்டுவாருங்கள். சக்கரத்தைக் கழற்றினால் சின்ன வண்டியிலும் இடம் கிடைக்கும்.